தண்ணீர் எனக்கு, விசாரிப்பு அவளுக்கு

எங்கள் கடைத்தெருவில் தண்ணீர் ஏறினால் முதலில் என் மளிகைக் கடைக்குள்தான் நுழையும். விசாரிக்க வருகிற ஜனம் மட்டும் என் வாசலைத் தாண்டிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கால் தண்ணீரில் சளக் சளக்கென்று பக்கத்து மாவு மில்லுக்குப் போகும். "அக்கா, மோட்டார் தப்பிச்சுதா?" என்று கேட்கும். என் சர்க்கரை மூட்டை தப்பித்ததா என்று ஒருத்தர் கேட்டதில்லை. மோட்டாரை மெக்கானிக் பிரித்துக் காயவைத்தால் மறுபடி ஓடும். கரைந்துபோன சர்க்கரையை எந்த வெயிலில் வைப்பது?

மில்லை நடத்தியவள் என் ஓரகத்தி. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் நாங்கள். மூத்தவருக்கு அவள், இளையவருக்கு நான். மாமனார் கண்ணை மூடியதும், கடைத்தெருவில் அவர் கட்டிய ஒரே கட்டடத்தை நடுவே சுவர் எழுப்பிப் பிரித்தார்கள். கிழக்குப் பாதி மாவு மில், மேற்குப் பாதி மளிகை. கொஞ்ச வருஷத்தில் அவள் புருஷன் காமாலையில் போய்விட்டார். பிள்ளைகுட்டியும் இல்லை. மில்லை எங்களிடம் விட்டுவிட்டுத் திருக்காட்டுப்பள்ளிக்கு, பிறந்த வீட்டோடு போய்விடுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். நடுச்சுவரில் எந்த இடத்தில் வாசல் உடைக்கலாம் என்றுகூடப் பார்த்து வைத்திருந்தேன். காரியம் முடிந்த மறு வெள்ளிக்கிழமை, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவளே மில் சுவிட்சைப் போட்டாள். சத்தம் கேட்டு நான் கடையை விட்டு இறங்கிப் போய்ப் பார்த்தேன். புருவமெல்லாம் மாவாக நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தில் மாவு பட்டால் பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கும். அவளுக்கு அது பவுடர் பூசினது போல இருந்தது.

மாவு மில்லில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். பெல்ட் ஓடுகிற சத்தத்தில் கத்தாமல் முடியாது. அக்கா கத்த மாட்டாள். நல்ல உயரம் அவள். எதிரில் நிற்பவர் பக்கம் குனிந்து, காதோரமாகப் பேசுவாள். கேட்டவருக்குத் தனக்கு மட்டும் ஏதோ அந்தரங்கம் சொன்ன மாதிரி முகம் மலர்ந்துவிடும். அப்படி என்னதான் சொல்லுகிறாள் என்று ஒருநாள் தவிட்டுக் கூடையை எடுக்கிற சாக்கில் பக்கத்தில் போய் நின்றேன். "மல்லி இன்னும் ஒரு வெயில் காயணும்" என்றாள், அவ்வளவுதான். அதற்குத்தான் அந்த வாத்தியார் பெண்டாட்டி அப்படிப் பூரித்துப் போனாள். நான் என் கடையில் மல்லியையே இனாமாகக் கொடுத்தால்கூட அவள் பூரிக்க மாட்டாள்.

இன்னொரு வித்தையும் அவளிடம் உண்டு. யார் வந்தாலும், "வாங்க, உங்க மில்லுதான், உக்காருங்க" என்பாள். கோதுமை கொண்டு வந்த தாசில்தார் வீட்டுக்காரிக்கும் உங்க மில்லு, மிளகாய் மூட்டையைத் தலையில் சுமந்து வந்த கீழ்க்கரைப் பெண்ணுக்கும் உங்க மில்லு. "உங்க மில்லுல இன்னைக்கிக் கரண்டு இல்லீங்க, என்னா பண்ணலாம்?" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் நிஜமாகவே தாடையைச் சொறிந்துகொண்டு யோசிப்பார். ஒரு தடவை டூட்டி முடிந்து வீட்டுக்குப் போகிற லைன்மேன், அடைமழையில் எங்கள் வாசல் கம்பத்தில் ஏறினான். என் கடை பல்பு அணைந்து கிடந்தபோது இரண்டு நாள் ஆளைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. கேட்டால், "நம்ம மில்லாச்சேக்கா" என்கிறான். அவன் மில்லாம்! என்னிடம் மட்டும் அவள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. பாகம் பிரித்த இடத்தில் ஓரகத்தியைப் பார்த்து உங்க மில்லு என்று சொல்ல அவள் என்ன அசடா?

அரைத்து முடிந்ததும் மாவு இறங்குகிற துணிக்குழாயைத் தட்டு தட்டென்று தட்டுவாள். வெளியூர் மில்களில் அதில் தங்குகிற மாவு மில்லுக்காரருக்கு. இவள் கடைசித் துகள் வரை டின்னில் விழும்படி தட்டிவிட்டுத்தான் அடுத்த ஆளைக் கூப்பிடுவாள். என் தராசு முள்ளும் நேராகத்தான் நிற்கும். ஒரு குண்டுமணி கூடவும் போகாது, குறையவும் போகாது. ஊர் அதை ஒரு நாளாவது சொல்லியிருக்குமா? "மளிகைக்கார அம்மா கணக்கா இருக்கும்" என்று சொல்லும். அது புகழ்ச்சியா, இகழ்ச்சியா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி பிறந்தால் மூட்டைகளை எங்கே ஏற்றி வைப்பது என்றுதான் எனக்கு யோசனை. நான் பிறந்தது பட்டுக்கோட்டைக்குக் கிழக்கே. தென்னந்தோப்பும் மணலும்தான். எவ்வளவு மழை பெய்தாலும் குடித்துவிட்டு ஏப்பம் விடுகிற மண். இந்த ஊர் களிமண்ணில் தண்ணீர் நின்றால் நின்றதுதான். அவளோ ஆற்றங்கரைக்காரி. தண்ணீரைக் கண்டால் சொந்தக்காரர் வந்த மாதிரி சிரிப்பாள். மழை பிடித்ததும் தெருவில் போகிற வருகிற ஆண்பிள்ளைகளெல்லாம் மில்லுக்குள் புகுந்து, மோட்டாரைச் சங்கிலியில் கட்டி உத்திரத்துக்கு ஏற்றுவார்கள். அதை ஏற்றி, நன்றாகக் கட்டியாகிவிட்டதா என்று ஆட்டிப் பார்த்து, அவள் கொடுக்கிற சுக்குக் காப்பியைக் குடித்த பிறகுதான் யாராவது ஒருத்தர், "தங்கச்சி, உங்க மூட்டைய தூக்கணுமா?" என்று எட்டிப் பார்ப்பார். அதற்குள் கீழ்மூட்டை நனைந்திருக்கும்.

எங்கள் தெருத் தண்ணீர் ஊருக்குத் தெற்கே உள்ள வடிகால் வாய்க்காலில் விழுந்து ஆற்றுக்குப் போக வேண்டும். போகாது. என் புருஷன் நகராட்சிக்கு மனு எழுதிக்கொண்டே இருந்தார். வாசகம் நான் சொல்வேன், அவர் எழுதுவார். ஆட்சி மாறிற்று. தெருமுனைக் கொடிக்கம்பத்தில் நிறம் மாறிற்று. முந்தி 'பார்க்கலாம்' என்று சொன்ன கட்சி எதிர்க்கட்சியாகி எங்களுக்காக ஊர்வலம் போயிற்று. ஊர்வலம் போன கட்சி ஆட்சிக்கு வந்து 'பார்க்கலாம்' என்று சொல்லிற்று. இரண்டு கட்சிக் கவுன்சிலர்களும் ஓட்டுக் கேட்க வந்தால் உட்கார்ந்து வியர்வை துடைத்துக்கொள்வது மட்டும் மில்லில்தான். அக்கா ஒரு மனுகூட எழுதினவள் இல்லை.

ஒரு வருஷம் தீபாவளிக்கு முன்னால் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. பண்டிகைக்கு வாங்கிப் போட்ட சரக்கு பாதி போயிற்று. இன்னொரு ஐப்பசி இப்படி வந்தால் கடையை மூட வேண்டியதுதான் என்று என் புருஷன் சொல்லிவிட்டார். ஆத்திரத்தோடு நகராட்சி ஆபீசுக்குப் புறப்பட்டேன். அவளும் கூட வந்தாள். கமிஷனர் சின்ன வயசுக்காரர். நான்தான் பேசினேன். வரி கட்டுகிறோம், லைசென்ஸ் எடுக்கிறோம், நாங்கள் மனுஷர்கள் இல்லையா என்று விளாசினேன். அவர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் மூச்சு வாங்குகிற நேரத்தில் அக்கா மேஜை மேல் குனிந்தாள்.

"சார், உங்க மில்லு முங்கிப் போச்சுங்க."

அவர் நிமிர்ந்தார். "என் மில்லா?"

"உங்க ஊரு, உங்க தெரு. அப்பறம் யாரு மில்லுங்க? ஒரு வாட்டி வந்து பாத்துட்டுப் போங்க. உங்க வீட்டம்மா முறுக்கு மாவுக்கு எங்க போவாங்கன்னுதான் எனக்குக் கவலையா இருக்கு."

மனுஷர் சிரித்துவிட்டார். அன்று சாயங்காலமே பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு எங்கள் தெருத் தண்ணீரில் வந்து நின்றார். என் தொண்டை கிழிந்ததுதான் மிச்சம்.

இன்ஜினியரும் வந்தார். விஷயம் இதுதான் என்றார்கள். ஊரைத் தாண்டியதும் வாய்க்காலின் குறுக்கே மூங்கிலும் மண்ணும் வைத்து ஒரு தடுப்புப் போட்டிருக்கிறது. அதை எங்கள் பக்கம் கொரம்பு என்பார்கள். அதை வெட்டிவிட்டால் தண்ணீர் போகும். ஆனால் இரண்டு கரையும் தகராறு நிலம். மேலத்தெரு மிராசுதார், நிலம் தன்னுடையது, அதில் வேலை செய்கிறவர்கள் கூலிக்காரர்கள் என்கிறார். கீழ்க்கரை ஜனம், இரண்டு தலைமுறையாகக் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறோம், எங்களை வெளியேற்ற முடியாது என்கிறது. வழக்குக் கோர்ட்டில் இருக்கிறது. வயல் நடுவே சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். கமிஷனர், "நிலத்துக்காரர்கிட்ட ஒப்புதல் எழுதி வாங்கிட்டு வாங்க, மறுநாளே ஆள் அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நிலத்துக்காரர் என்றால் யார்? கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் மேலத்தெருவைத்தான் கை காட்டுவார்கள். நானும் என் புருஷனை அங்கேதான் அனுப்பினேன். அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னேன். இந்த ஒரு காரியமாவது எங்கள் கையால் முடியட்டும் என்று இருந்தது. மிராசுதார் காப்பி கொடுத்து, "என் நெலம், என் வாய்க்கா. தாராளமா வெட்டச் சொல்லுங்க" என்று உடனே எழுதிக் கொடுத்தாராம். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்று மில் பக்கமே தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

மறுநாள் நகராட்சி ஆட்கள் மண்வெட்டியோடு போனபோது கீழ்க்கரை ஜனம் பிள்ளைகுட்டியோடு கொரம்பின் மேல் உட்கார்ந்திருந்தது. மிராசுதார் சொல்லி அந்தக் கொரம்பை வெட்டினால், நிலம் அவர் வசத்தில் இருக்கிறது என்று ஆகிவிடும். கோர்ட்டில் அதைத்தான் முதலில் காட்டுவார். அதற்காகத்தான் அவ்வளவு சந்தோஷமாக எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆட்கள் திரும்பி வந்துவிட்டார்கள். கீழ்க்கரைக்காரர்கள் மணல் மூட்டை அடுக்கிக் கொரம்பை இன்னும் உயர்த்தினார்கள். அடுத்த மழையில் என் கடையில் உப்பு, புளி, வெல்லம் எல்லாம் ஒரே குழம்பாக மிதந்தது. தண்ணீர் வடிந்த பிறகும் கீழ்க்கரையிலிருந்து ஒருத்தர் என் கடையில் ஒரு தீப்பெட்டி வாங்கவில்லை.

அக்காவின் மில்லும்தான் முங்கியது. அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் எட்டு வார்த்தை திட்டி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்து, என் கடைச் சேற்றைத் தள்ள ஆரம்பித்தாள். இப்படிப்பட்டவளோடு எப்படித்தான் சண்டை போடுவது?

என் கடைக்கு வராத கீழ்க்கரைப் பெண்கள் மில்லுக்கு மட்டும் வந்துகொண்டுதான் இருந்தார்கள். கேப்பையும் மிளகாயும் அரைபடுகிற நேரத்தில் அக்கா அவர்கள் காதோரம் குனிவதையும், அவர்கள் தலையை ஆட்டுவதையும் நான் கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கரண்டு போய் மில் நின்றிருந்தபோது அவர்களில் வாய்த்துடுக்கான ஒருத்தி பேசியது எனக்கே கேட்டது.

"தண்ணிய விடமாட்டோம்னு நாங்க எப்பக்கா சொன்னோம்? கொரம்புக்குக் கீழ வாய்க்கா தூந்து கெடக்கு. வெட்டிவுட்டா உங்க ஊரு தண்ணி பூரா எங்க நாத்து மேலல்ல ஏறும்? கீழ தூரு வாரச் சொல்லுங்க. வாரிட்டா நாங்களே வெட்டிவுடறோம். எந்த மவராசனும் எழுதிக் குடுக்க வேணாம்."

"ஆத்துப் பக்கமா எறங்கி வாரினா யாரு வரப்பையும் மிதிக்க வேண்டாமுல்ல?" என்றாள் அக்கா.

"அதத்தான் சொல்றோம். யாரு கேட்டா எங்கள?"

யாரும் கேட்கவில்லை என்பது வாஸ்தவம். நானும் கேட்கவில்லை. எனக்கு மளிகை விற்கத் தெரியும். வாய்க்கால் சமாசாரம் எனக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பெண்களைக் கூட்டிக்கொண்டே அக்கா கமிஷனரிடம் போனாள். இந்தத் தடவை நான் போகவில்லை. என் புருஷன் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். கீழே இருப்பதும் தகராறு நிலம்தானே என்று கமிஷனர் இழுத்தாராம். "நெலம் யாருதுன்னு கோர்ட்டு சொல்லட்டுங்க சார். தண்ணி யாருதுன்னு நான் சொல்றேன். உங்களுது. உங்க ஆபீசு கக்கூசுத் தண்ணியும் அதுலதான் சேருது" என்றாளாம். ஆபீசே சிரித்ததாம். இதைச் சொல்லிவிட்டு என் புருஷனும் சிரித்தார். அன்று அவருக்குச் சோற்றில் மோர் ஊற்றவில்லை நான்.

மாசி மாதம் ஆற்றுப் பக்கமிருந்து தூர் வாரிக்கொண்டு வந்தார்கள். வாரி முடித்த அன்று கீழ்க்கரைக்காரர்களே பறை கொட்டிக்கொண்டு வந்து கொரம்பை வெட்டினார்கள். மிராசுதாரின் ஆள் ரோட்டில் சைக்கிளை நிறுத்திக்கொண்டு யாருக்கும் புரியாமல் ஏதோ கத்தினான். இரண்டு கட்சிக் கவுன்சிலர்களும் சால்வையோடு வந்து, ஒருத்தருக்கொருத்தர் முகம் பார்க்காமல் நின்றார்கள். மாலை அக்காவுக்குப் போட்டார்கள். அவள் அதைக் கழற்றி மோட்டாருக்குப் போட்டாள். அதற்கும் கை தட்டினார்கள். அத்தனை வருஷம் மனு எழுதித் தேய்ந்தது என் புருஷன் கை. அந்தக் கைக்கு ஒரு எலுமிச்சம்பழம் கிடைத்ததா? எனக்கு அன்றைக்கு வயிறு எரிந்த எரிச்சலில் மில் மோட்டாரையே ஓட்டியிருக்கலாம்.

ஆனால் அடுத்த மழைக்கு ஊரெல்லாம் வடிந்தது, எங்கள் தெரு மட்டும் வடியவில்லை. இன்ஜினியர் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் தோண்டிப் பார்த்தார். பழைய செங்கல் சாக்கடையின் வாய் நடுச்சுவருக்கு நேர் கீழே அகப்பட்டது. தெருத் தண்ணீர் வாய்க்காலுக்குப் போகிற வழியை அடைத்து, அதன் மேலேயே மாமனார் கட்டடம் எழுப்பியிருக்கிறார். இத்தனை வருஷம் நாங்கள் யாரைத் திட்டி மனு எழுதினோமோ, அவர் படம் என் கடையிலேயே ஊதுவத்தியோடு தொங்கிக்கொண்டிருந்தது.

"சுவருக்கு அந்தப் பக்கம் இல்லன்னா இந்தப் பக்கம். ஒரு பாதி போனாத்தான் சாக்கடை கட்ட முடியும். நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்றார் இன்ஜினியர்.

கடை போனால் பிழைப்பு போயிற்று. பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள் எனக்கு. அவளுக்கு யார் இருக்கிறார்கள்? இதையெல்லாம் சொல்ல வேண்டும், அவள் ஆளுக்குப் பாதி என்று பேச்செடுத்தால் ஒத்துக்கொள்ளக் கூடாது, அழ வேண்டி வந்தால் அழுதுவிட வேண்டும் என்று மனசுக்குள் கோத்துக்கொண்டிருந்தேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"மில்ல இடிச்சுக்குங்க சார்" என்றாள்.

அவ்வளவுதான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கோத்து வைத்ததெல்லாம் வாய்க்குள்ளேயே கிடந்தது. கடை தப்பியது என்று சந்தோஷப்பட வேண்டியவள், அன்று ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தேன். கேட்டிருந்தால் ஒருவேளை நானே விட்டுக் கொடுத்திருப்பேன். கொடுத்திருப்பேனா? அதைத் தெரிந்துகொள்கிற சந்தர்ப்பத்தைக்கூட அவள் எனக்குத் தரவில்லை.

மில் போனதற்கு ஈடாக நகராட்சி அவளுக்கு மேட்டு ரோட்டில் இடம் ஒதுக்கியது. கொஞ்ச மாதத்தில் மில்லும் அதை ஒட்டி ஒரு அறையும் கட்டி முடித்துவிட்டாள். பள்ளத்தைக் கொடுத்து மேட்டை வாங்கிக்கொண்டாள் பார் என்று நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தேன். "அக்கா நல்லாயிருக்கட்டும்" என்றார்கள்.

ஐப்பசி வந்தது. ராப்பகலாக ஊற்றியது. காலையில் கடையைத் திறந்தால் தரை காய்ந்து கிடக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தத் தரையில் வெறுங்காலோடு குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். கல்யாணமாகி வந்த பிறகு நான் பார்த்த முதல் காய்ந்த ஐப்பசி அது. தீபாவளிச் சரக்கைத் தரையிலேயே மூட்டை மூட்டையாக அடுக்கினேன். அடுக்கிவிட்டு உட்கார்ந்தேன்.

யாரும் வரவில்லை.

முதல் நாள், மழை அதனால் வரவில்லை என்று நினைத்தேன். மழை விட்ட பிறகும் வரவில்லை. முறுக்கு மாவு அரைக்க வருகிறவர்கள், அரைபடுகிற நேரத்தில் எள்ளும் ஓமமும் எண்ணெயும் என்னிடம் வாங்குவார்கள். மிளகாய் அரைக்க வருகிறவர்களுக்கு மஞ்சள் கிழங்கு ஞாபகம் வரும். அவர்களெல்லாம் இப்போது மேட்டு ரோட்டில் நிற்கிறார்கள். மில் இருந்த இடத்தில் சாக்கடைக்கு மேல் சிமெண்டுப் பலகை மூடியிருந்தது. அதன்மேல் ஒரு நாய் படுத்திருந்தது. என் கடைக்கு முன்னால் அன்று இருந்த ஒரே ஜீவன் அதுதான்.

மேட்டு ரோட்டு அறையைக் கேட்டு மருந்துக் கடைக்காரர் போனாராம், செருப்புக் கடைக்காரர் போனாராம். "இல்லீங்க, ஆள் இருக்கு" என்று சொல்லிவிட்டாளாம். யாரந்த ஆள் என்று ஊர் என்னைப் பார்த்தது. எனக்கும் அது புரியாமல் இல்லை. ஆனால் அவள் வாயைத் திறக்க வேண்டுமே. வெள்ளிக்கிழமை தோறும் வருவாள், பிள்ளைகளுக்குச் சத்துமாவு கொடுப்பாள், என் காலியான கல்லாவைப் பார்ப்பாள், மழையைப் பற்றிப் பேசுவாள், போய்விடுவாள்.

"நீ போய்க் கேளேன்டி" என்றார் என் புருஷன்.

"அவங்க கூப்புடட்டும். ஊரையே கூப்புட்டு உக்கார வெக்கிறவங்களுக்கு என்னைக் கூப்புட வாய் வலிக்குதா?"

ஒரு வருஷம் போயிற்று. சரக்குப் போட முடியாமல் தட்டுகள் காலியாயின. அடுத்த தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, முறுக்குக்கு அரிசியை எடுத்துக்கொண்டு மேட்டு ரோட்டுக்குப் போனேன். அரைக்க வேண்டிய அரிசிதான். வேறு மில்லும் ஊரில் இல்லை.

வரிசை ரோடு வரை நின்றது. அக்கா என்னைப் பார்த்தாள். முன்னால் வா என்று கூப்பிடவில்லை. கீழ்க்கரைப் பெண்ணுக்குப் பின்னால், எல்லோரையும் போல டின்னை நகர்த்தி நகர்த்தி நின்றேன். என் முறை வந்தது. அரைத்தாள். துணிக்குழாயைத் தட்டினாள். டின்னை மூடி என் கையில் கொடுக்கும்போது குனிந்தாள்.

"சாவி அந்த ஆணியில மாட்டியிருக்கு பாரு."

எனக்கு வந்ததே ஆத்திரம். மில் சத்தத்துக்கு மேல் கத்தினேன். "ஒரு வருஷமா ஏன்க்கா கூப்புடல? நான் அங்க ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். ஒரு வார்த்தை கூப்புட்டா என்னா கொறைஞ்சா போயிடுவீங்க?"

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அக்கா சுவிட்சை அணைத்தாள். பெல்ட் சுற்றி ஓய்ந்தது.

"கூப்புட்டிருந்தா வந்திருப்பியாடி?"

வந்திருக்க மாட்டேன். கடை மூடிப் போயிருந்தாலும் வந்திருக்க மாட்டேன். நானே அவள் நிழலில் ஒண்ட வந்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது என்று, பிள்ளைகளைப் பட்டினி போட்டாவது அங்கேயே உட்கார்ந்திருப்பேன். இது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கிறது என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வருஷக் கணக்காக அவளையே உற்றுப் பார்த்துக்கொண்டு கிடந்தவள் நான். எனக்கு அவள் மனசில் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் பிடிபட்டதில்லை.

சாவியை எடுத்துக்கொண்டு போய் அறைக் கதவைத் திறந்தேன். சுண்ணாம்பு வாசனை அடித்தது. மூன்று சுவரிலும் மளிகைக்கு வேண்டிய மரத்தட்டுகள் அடித்திருந்தன. யாருமே குடிவராத அறையில் தட்டில் தூசு இல்லை. நான் குள்ளம். கீழ்க் கடையில் மேல்தட்டுச் சரக்கை எடுக்க முக்காலி போட்டு ஏறித்தான் எனக்கு மூட்டு தேய்ந்தது. இங்கே கையைத் தூக்கினேன். மேல்தட்டு என் விரலுக்கு எட்டியது. அவள் உயரத்துக்கு அது தலைமட்டம்தான் இருக்கும்.

கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன். பொறாமையில்தான் அழுதேன்.